பண்டிகைக்காலச் சரக்குத் தாமதமும் இழப்பின் பொறுப்பும்: கொங்கு வட்டாரத்தை முன்வைத்து (1862–2023)

ஆய்வுச்சுருக்கம்

இணையவழி வணிகத்தில் பண்டிகைக்காலத்தில் நேரும் சரக்குத் தாமதம் புதிய தொழில்நுட்பத்தின் விளைவாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. கொங்கு வட்டாரத்தில் இருப்புப்பாதை, அஞ்சல், லாரி, கப்பல், இணையவழி வணிகம் ஆகிய ஐந்தும் அடுத்தடுத்து வந்தபோது தாமதத்தின் இழப்பை யார் ஏற்க வேண்டும் என்ற கேள்வி எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சரக்கைச் சுமப்பவரின் தாமதத்துக்குச் சட்டம் தொடர்ந்து விலக்கோ வரம்போ அளித்து வந்துள்ளது என்பதும், பெறுபவரின் தாமதத்துக்கு மட்டும் தொடக்கம் முதலே விலை குறிக்கப்பட்டிருந்தது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: சரக்குத் தாமதம், கொங்கு நாடு, வி.பி.பி., லாரி புக்கிங் ஆபீஸ், திருப்பூர் பின்னலாடை, டெமரேஜ், இணையவழி வணிகம்.

முன்னுரை

2013 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவில் இணையவழியில் வாங்கப்பட்ட பரிசுப்பொருள்களில் பல உரிய வீடுகளைச் சென்றடையவில்லை. கடைசி நேரத்தில் குவிந்த ஆணைகளும் மோசமான வானிலையும் சேர்ந்து யு.பி.எஸ்., ஃபெட்எக்ஸ் ஆகிய இரு பெரும் நிறுவனங்களின் கணக்கைக் குலைத்தன. அமேசான் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்புகூலியைத் திருப்பித் தந்ததோடு 20 டாலர் மதிப்புள்ள பரிசுச்சீட்டும் வழங்கியது. இணையவழி வணிகத்தின் தாமதம் உலகச் செய்தியான முதல் பெரிய நிகழ்வுகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

இந்நிகழ்வில் வரலாற்று மாணவனின் கவனத்தை ஈர்ப்பது அந்த 20 டாலர். தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை விற்பவர் தாமாக ஒப்புக்கொண்டு, அதனைத் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தார். சரக்குப் போக்குவரத்தின் வரலாற்றில் இது வழக்கமன்று. சரக்கு கெட்டால், களவுபோனால், உடைந்தால் யார் பொறுப்பு என்பதற்குச் சட்டங்கள் விரிவாக விடை கூறுகின்றன. காலம் தாழ்ந்தால் யார் பொறுப்பு என்னும் இடத்தில் அவை சுருங்கிவிடுகின்றன. பண்டிகைக்குரிய பொருளுக்கோ காலமே பாதி மதிப்பு. தீபாவளிக்கு மறுநாள் வரும் புடவையில் நூலும் சாயமும் குறைவதில்லை. வாங்கியவரின் தேவை மட்டும் முடிந்துவிடுகிறது.

கொங்கு வட்டாரத்தை இவ்வாய்வுக்குத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இவ்வட்டாரம் பண்டிகைக்காலச் சரக்குப் பாதையின் இரு முனைகளிலும் நிற்கிறது. கோயம்புத்தூர், ஈரோடு, பொள்ளாச்சி மக்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பொருள் வாங்குகின்றனர்; திருப்பூரோ ஐரோப்பாவும் அமெரிக்காவும் கிறிஸ்துமஸுக்கு வாங்கும் ஆடைகளைத் தைத்து அனுப்புகிறது. ஒரே தாமதத்தை வாங்குபவராகவும் விற்பவராகவும் அறிந்த வட்டாரங்கள் தமிழகத்தில் மிகுதி அல்ல. சட்டங்களையும் பொதுவெளியில் பதிவான நிகழ்வுகளையுமே இக்கட்டுரை சான்றாகக் கொள்கிறது.

இருப்புப்பாதையும் உரிமையாளர் பொறுப்பும்

1856 இல் இராயபுரத்தில் தொடங்கிய இருப்புப்பாதை, 1862 இல் சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூரை எட்டியது. கோயம்புத்தூர் நகரம் இந்தத் தலைப்பாதையில் இடம்பெறவில்லை. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் கிளைப்பாதை 1873 இல் அமைந்த பின்னரே நகருக்கு வண்டி வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 இலும், உதகைக்கு 1908 இலும் மலைப்பாதை நீண்டது. பொள்ளாச்சிப் பாதை 1915 இல் திறக்கப்பட்டது. இவை மீட்டர்ப் பாதைகள், தலைப்பாதை அகலப்பாதை. எனவே மலைக்கோ பொள்ளாச்சிக்கோ செல்லும் ஒவ்வொரு மூட்டையும் மேட்டுப்பாளையத்திலோ போத்தனூரிலோ ஒரு பெட்டியிலிருந்து இறக்கப்பட்டு மற்றொரு பெட்டியில் ஏற்றப்பட வேண்டியிருந்தது. பாதையின் அகலம் மாறும் இடத்தில் சரக்கு தேங்குவது அக்காலப் போக்குவரத்தின் நிலையான இயல்பு. இதனோடு வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மண்சரிவால் மலைப்பாதை அடைபடுவது இன்றும் தொடர்கிறது. தீபாவளி முதல் கிறிஸ்துமஸ் வரையிலான வாங்கும் பருவமும் மழைப்பருவமும் தமிழகத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே வருகின்றன. ஐரோப்பாவின் பனிப்புயலுக்கு இங்கு இணையானது வடகிழக்குப் பருவமழையே.

1890 ஆம் ஆண்டு இந்திய இரயில்வே சட்டத்தின் 72 ஆம் பிரிவு இருப்புப்பாதை நிறுவனங்களை ஒப்படைப்புப் பொருளைக் காப்பவரின் நிலையில் வைத்தது. நியாயமான கவனம் காட்டினால் போதும் என்பதே அதன் அளவுகோல். அந்தப் பொறுப்பையும் எழுத்து மூலமான ஒப்பந்தத்தால் குறைத்துக்கொள்ள அப்பிரிவு இடமளித்தது. 'ஓனர்ஸ் ரிஸ்க்' எனப்பட்ட உரிமையாளர் பொறுப்புக் கட்டணம் நடைமுறையில் இவ்வாறு நிலைபெற்றது. கட்டணம் குறைவு, ஆனால் இழப்பு அனுப்பியவருடையது. பஞ்சு மூட்டைக்கும் காப்பிக்கொட்டைக்கும் இது ஒருவேளை ஏற்கத்தக்கது. 1861 இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட ஸ்டேன்ஸ் நிறுவனத்தைப் போன்ற பெரிய காப்பி வணிகர்களுக்கு ஒருவாரத் தாமதத்தைத் தாங்கும் முதல் இருந்திருக்கும். பண்டிகைச் சந்தையை நம்பித் துணி அனுப்பும் சிறு வணிகருக்கு அந்த முதல் இல்லை. 1989 ஆம் ஆண்டின் புதிய இரயில்வே சட்டமும் 95 ஆம் பிரிவில் தாமதத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறது. தாமதம் தம் கட்டுப்பாட்டை மீறியது என்றோ, தம் ஊழியர்களின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று என்றோ நிர்வாகம் மெய்ப்பித்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும்.

இதே முறையில் பெறுபவரின் தாமதம் எவ்வாறு கருதப்பட்டது என்பதை ஒப்பிட வேண்டும். சரக்கு வந்துசேர்ந்த பின் குறித்த நேரத்துக்குள் எடுத்துச் செல்லாதவர் 'டெமரேஜ்' செலுத்த வேண்டும். நிலையக் கொட்டகையில் கிடந்த நேரத்துக்கு 'வார்ஃபேஜ்'. மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ துல்லியமாக வரையறுக்கப்பட்ட தொகைகள் இவை. தாமதத்தை அளக்கவும் விலையிடவும் இயலாது என்று எவரும் வாதிட இயலாமைக்கு இக்கட்டண அட்டவணைகளே சான்று. அளக்கும் கோல் இருந்தது. அது ஒரு பக்கம் மட்டுமே நீட்டப்பட்டது.

வி.பி.பி.: விலை பெற்று வழங்கும் அஞ்சல்

இன்று 'கேஷ் ஆன் டெலிவரி' என்று வழங்கும் முறையின் இந்திய முன்னோடி 1877 இல் அஞ்சல்துறை கொண்டுவந்த வி.பி.பி. முறையாகும். பொருளை அஞ்சல்காரர் கொண்டுவருவார். பெறுபவர் விலையைச் செலுத்திப் பெற்றுக்கொள்வார். அஞ்சலகம் அத்தொகையை மணியார்டராக விற்பவருக்கு அனுப்பும். 1880 இல் மணியார்டர் பணி அஞ்சலகங்களின் வசம் வந்தது இதற்கு வலுச் சேர்த்தது. நூல்கள், மருந்துகள், கைக்கடிகாரங்கள், விதைகள் எனப் பலவும் இவ்வழியே சிற்றூர்களை அடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தமிழ் இதழ்களின் விளம்பரப் பக்கங்களில் 'வி.பி.பி. மூலம் அனுப்பப்படும்' என்ற வரி பொதுவழக்காயிற்று. 1928 இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன் எஸ்.எஸ்.வாசன் விளம்பரத் துறையிலும் அஞ்சல்வழி விற்பனையிலும் ஈடுபட்டிருந்தார். தமிழ் வெகுசன இதழியலுக்கும் தொலைவிலிருந்து பொருள் விற்கும் வணிகத்துக்கும் இடையிலான உறவு இன்னும் முழுமையாக எழுதப்படாத ஒன்று என்பதை இங்குச் சொல்லி நகரலாம்.

வி.பி.பி. முறையில் வாங்குபவர் பொருள் கைக்கு வரும்வரை எதையும் இழப்பதில்லை. தாமதமாக வந்த பொதியை அவர் மறுத்துவிடலாம்; மறுக்கப்பட்டது அனுப்பியவருக்கே திரும்பும். முன்கூட்டிச் செலுத்திய அஞ்சல் கட்டணம் விற்பவருக்கு இழப்பு. பொருள் ஏற்கப்பட்டாலும் அவர் இருமுறை காத்திருக்க வேண்டும்: பொதி போய்ச் சேரும்வரை ஒருமுறை, பணம் திரும்பும்வரை மறுமுறை. இருப்புப்பாதையில் இழப்பு சரக்கின் உரிமையாளர்மேல் விழுந்தது என்றால், இங்கு உரிமையாளர் யார் என்பதே பணம் கைமாறும் கணம் வரை விற்பவராகவே நீடித்தது.

அஞ்சல்துறையோ இவ்விருவருக்கும் வெளியே நின்றது. 1898 ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, அஞ்சற்பொருளின் இழப்பு, மாற்றி வழங்கல், தாமதம், சேதம் ஆகியவற்றுக்கு அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்டாலன்றிப் பொறுப்பில்லை என்று கூறியது. ஊழியரும் வஞ்சகத்தாலோ வேண்டுமென்றோ செய்திருந்தால் மட்டுமே பொறுப்பாவார். பொங்கல் வாழ்த்து அட்டைகளும் புத்தாண்டு வாழ்த்துகளும் மார்கழி, தை மாதங்களில் அஞ்சலகங்களில் மலையெனக் குவிந்த காலங்களிலும், 1972 இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்த பின்னும், 1986 இல் விரைவஞ்சல் தொடங்கிய பின்னும் இப்பிரிவு சட்ட நூலில் அப்படியே இருந்தது. 125 ஆண்டுகளுக்குப் பின் இயற்றப்பட்டு 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த 2023 ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டமும், விதிகளால் வரையறுக்கப்படும் பொறுப்பு தவிர வேறு பொறுப்பில்லை என்னும் நிலையிலேயே நிற்கிறது. காலனிய ஆட்சியின் எச்சம் என்று இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. விடுதலை பெற்ற நாடு, தானே எழுதிய சட்டத்தில், அதே விலக்கைத் தேர்ந்துகொண்டுள்ளது.

லாரி புக்கிங் ஆபீஸ்

1931 இல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் கொங்கு வட்டார மோட்டார் போக்குவரத்தின் அடையாளங்களுள் ஒன்று. பிற்காலத்தில் நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலில் இந்திய அளவில் பெயர் பெற்றன. மில் நூலும், பனியனும், சென்னிமலைப் போர்வையும், ஈரோட்டு ஜவுளியும் இருப்புப்பாதையிலிருந்து மெல்ல மெல்லச் சாலைக்கு மாறின.

லாரி புக்கிங் ஆபீஸின் சொற்களே அதன் உறவுமுறையைக் காட்டுகின்றன. அனுப்பியவர் பெறும் 'எல்.ஆர்.' என்னும் லாரி ரசீது, வாடகையை யார் தருவது என்பதைக் குறிக்கும் 'பெய்டு', 'டு பே', பெறுபவர் கிடங்குக்குச் சென்று சரக்கை மீட்கும் 'டெலிவரி எடுத்தல்'. இந்தக் கடைசி வழக்கு கருதத்தக்கது. டெலிவரி என்பது அன்று எடுக்கப்பட்டது. இன்று அது வீட்டுக்கு வருகிறது. எடுக்கப் போகிறவருக்குச் சரக்கு எங்கே கிடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எழுத்தரிடம் கேட்கலாம், வழக்கமான வாடிக்கையாளர் என்ற உரிமையில் சத்தம் போடலாம், லோடு ஏறவில்லை என்றால் வேறு ஆபீஸுக்கு மாறலாம். தாமதத்துக்குச் சட்டப்பூர்வ இழப்பீடு இல்லாத நிலையில், இந்த நேர்முக உறவே அதன் இடத்தை ஓரளவு நிரப்பிற்று. இதனை மிகைப்படுத்தவும் கூடாது. நீண்டகால வாடிக்கையும் ஒரே சமூக வலைப்பின்னலும் இருந்தவர்களுக்கே அவ்வுரிமை கிடைத்தது; பண்டிகைக்கு முந்திய வாரத்தில் ஒற்றை மூட்டையோடு வருகிற புதியவருக்கு அன்று.

சாலைக்கு அதற்கே உரிய தேக்கங்களும் இருந்தன. கோயம்புத்தூருக்கு மேற்கே வாளையார் சோதனைச்சாவடியில் கேரளம் செல்லும் லாரிகள் நெடுவரிசையில் நின்றது நெடுங்கால வழக்கம். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் கேரளச் சந்தையை நம்பிய ஈரோடு, திருப்பூர் வணிகர்களின் காலக்கணக்கில் இந்த வரிசைக்கும் ஓர் இடம் இருந்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்ததோடு வரிச் சோதனைச்சாவடிகள் நீங்கின. அதற்குப் பின் வந்த மின்வழிச்சீட்டு, அதாவது 'இ-வே பில்', மற்றொரு கணக்கைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரி முதல் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒருநாள் என்பதே அதன் செல்லுபடிக் காலம். வண்டி வழியில் நின்று, சீட்டு நீட்டிக்கப்படாமல் காலாவதியானால் தண்டம் கட்ட நேரும். இங்கும் தாமதத்துக்கு விலை குறிக்கப்பட்டது. அது வணிகர் அரசுக்குத் தரும் விலையாக அமைந்தது.

திருப்பூரின் டிசம்பர்

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகத் தொடர்பால் வேகம் பெற்றது. 1990 இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஏற்றுமதி இந்நகரைச் சார்ந்தது. இவ்வளர்ச்சியைச் சரத் சாரி (2004) உழவர் குடிகளின் உழைப்பு மரபோடு இணைத்து விளக்கியுள்ளார். அவ்விளக்கத்தோடு காலக்கெடு என்ற ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

2004 இறுதி வரை நிலவிய பன்னாட்டு இழை ஒப்பந்தக் காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கான ஒதுக்கீடு இருந்தது. ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் அதனை ஏற்றுமதியாளர்களிடையே பகிர்ந்தளித்தது. ஒதுக்கீடு நாட்காட்டி ஆண்டுக்கு உரியது. எனவே திருப்பூருக்கு டிசம்பர் என்பது விழாவின் பெயராக இல்லாமல், பயன்படுத்தாத ஒதுக்கீடு வீணாகும் நாளின் பெயராக இருந்தது. 2005 ஜனவரி 1 முதல் ஒதுக்கீடு நீங்கியது. அதன்பின் அரசின் நாட்காட்டிக்குப் பதிலாக வாங்கும் நிறுவனங்களின் நாட்காட்டி முழு ஆட்சி பெற்றது.

கிறிஸ்துமஸ் விற்பனைக்குரிய ஆடை டிசம்பரில் திருப்பூரை விட்டுக் கிளம்புவதில்லை. தைத்து, பெட்டியிலடைத்து, தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ லாரியில் சென்று, பெரும்பாலும் கொழும்பில் பெருங்கப்பலுக்கு மாறி, சூயஸ் கால்வாயைக் கடந்து ஐரோப்பியக் கிடங்கைச் சேர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே அந்தச் சரக்கு ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே கிளம்பியாக வேண்டும். இலண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ டிசம்பரில் உணரப்படும் தாமதம் திருப்பூரில் ஆடியிலும் ஆவணியிலும் தொடங்கிவிடுகிறது. நூல் விலை ஏறியமை, மின்தடை, சாயப்பட்டறையில் வரிசை, அச்சில் நிறம் பொருந்தாமை என அதன் காரணங்கள் மிகச் சாதாரணமானவை.

இக்கால இடைவெளியின் நடுவே தீபாவளி வருகிறது. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர் போனஸ் பெற்று ஊர் செல்லும் காலம் அது. பனியன் கம்பெனிகள் பல நாள்கள் மூடப்படும். சென்றவர் அனைவரும் சொன்ன நாளில் திரும்புவதில்லை. தீபாவளி 2020 இல் நவம்பர் 14, 2022 இல் அக்டோபர் 24, 2023 இல் நவம்பர் 12, 2025 இல் அக்டோபர் 20 என அலைகிறது. கிறிஸ்துமஸ் நகர்வதில்லை. நிலவை ஒட்டிய ஒரு பண்டிகைக்கும் கதிரவனை ஒட்டிய ஒரு பண்டிகைக்கும் இடையே எத்தனை உழைப்பு நாள்கள் கிடைக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அக்டோபரில் தீபாவளி வரும் ஆண்டில் ஏற்றுமதியாளரின் செப்டம்பர் மிகக் கடுமையானது.

தாமதமான சரக்குக்கு என்ன நேர்கிறது? கடன்கடிதத்தில் சரக்கேற்றத்துக்கான கடைசி நாள் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாள் தவறினால் ஆவணங்களை ஏற்க மறுக்கும் உரிமை எதிர்த்தரப்புக்கு உண்டு. நடைமுறையில் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்று கேட்கப்படும்: விலையில் தள்ளுபடி, அல்லது ஏற்றுமதியாளரின் செலவில் வான்வழி அனுப்புதல். கப்பல் கூலியைப் போலப் பன்மடங்கான வான்கூலி ஒரு முழு ஆணையின் ஆதாயத்தை விழுங்கிவிடும். இந்த இரண்டையும் தவிர்க்க மூன்றாவது வழி ஒன்று உண்டு. இழந்த நாள்களைத் தையல் கூடத்திலேயே மீட்பது. பகல் வேலையோடு மாலையும் சேர்ந்த 'ஒன்றரை ஷிப்ட்' திருப்பூரில் நீண்டநாள் வழக்கு. கெடு நெருங்கும்போது அது மேலும் நீளும். கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் ஆகியோரின் ஆய்வுகள் திருப்பூர்த் தொழிலாளரின் வேலைநேரத்தையும் அதனை ஏற்பதிலும் மறுப்பதிலும் அவர்கள் செய்யும் தேர்வுகளையும் விரிவாகப் பதிவு செய்துள்ளன. துண்டுக்கூலி பெறுபவர் கெடுக்காலத்தில் கூடுதலாக ஈட்டுகிறார் என்பதும் மெய். ஆயினும் தாமதத்தின் விலை கப்பல் ஆவணத்திலிருந்து தொழிலாளியின் இரவுக்கு இடம்பெயர்ந்ததை அந்தக் கூடுதல் கூலி மறைத்துவிடலாகாது.

மனிதரல்லாத ஒரு சுமைதாங்கியும் இருந்தது. சாயக்கழிவைச் சுத்திகரிக்காமல் விடுவது காலத்தையும் செலவையும் மிச்சப்படுத்தியது. அதனை நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழுள்ள உழவர்களும் சுமந்தனர். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது துணி வெளியூர்ச் சாயப்பட்டறைகளுக்குப் பயணம் செய்தது; ஆணைகள் காலம் தாழ்ந்தன. அதுவரை கெடு தவறாமல் சரக்குச் சென்றதன் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் தெரியவந்தது.

பண்டிகைக்கான நெசவில் உள்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1983 இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலை வழங்கும் திட்டத்துக்கான துணியின் பெரும்பகுதி ஈரோடு, திருச்செங்கோடு வட்டார விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. நூல் கொள்முதல் ஒப்பந்தப்புள்ளி தள்ளிப்போனால் தறி தாமதமாக ஓடும். இங்கும் காத்திருப்பவர்கள் இருவர்: வேலைக்கு விசைத்தறியாளர், துணிக்கு நியாயவிலைக் கடை முன் நிற்பவர்.

2023 டிசம்பர்

2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் கேலக்ஸி லீடர் என்னும் கப்பல் ஹூதி படையினரால் கைப்பற்றப்பட்டது. டிசம்பர் நடுவில் மேர்ஸ்க் உள்ளிட்ட பெரிய கப்பல் நிறுவனங்கள் செங்கடல் வழியை நிறுத்தி நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. 1869 இல் சூயஸ் திறக்கப்படுவதற்கு முந்திய கடல்வழி திருப்பூரின் பனியனுக்கு மீண்டும் வாய்த்தது. ஐரோப்பியப் பயணம் ஏறத்தாழ 10 முதல் 14 நாள்கள் நீண்டது. அதே மாதத்தின் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்து விமான நிலையத்தை மூடச் செய்தது. டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. திருவைகுண்டம் நிலையத்தில் பயணிகளோடு ஒரு விரைவுவண்டி வெள்ளத்தில் சிக்கி நின்றது. கொங்கு வட்டாரத்தின் கடல்வாயிலாகிய தூத்துக்குடியும் அதற்கு அப்பாலுள்ள கடல்வழியும் ஒரே வாரத்தில் இடையூறுற்றன.

கிறிஸ்துமஸ் ஆடைகள் அதற்கு முன்பே ஐரோப்பாவைச் சேர்ந்திருந்தன. தடைபட்டவை அடுத்த கோடைப்பருவத்துக்கானவை. திருப்பூர் ஏற்றுமதி பெரும்பாலும் 'எஃப்.ஓ.பி.' முறையில் நடப்பது. கப்பலில் ஏறிய பின் கூலியும் இடரும் வாங்குபவருடையவை. ஒப்பந்தத்தின் எழுத்துப்படி செங்கடலின் இழப்பு திருப்பூருக்கு உரியதன்று. ஆனால் வழியில் இழந்த இரண்டு வாரத்தை ஈடுசெய்ய, அடுத்த ஆணையைத் திருப்பூர் இரண்டு வாரம் முன்னதாக முடித்துத் தர வேண்டும் என்று வாங்குபவர் கேட்பதை எந்த ஒப்பந்தச் சொல்லும் தடுப்பதில்லை. எஃப்.ஓ.பி. சரக்கைப் பிரிக்கிறது; காலத்தைப் பிரிப்பதில்லை.

இணையவழி வணிகமும் திரும்பிவரும் பொதியும்

2007 இல் தொடங்கிய ஃபிளிப்கார்ட் 2010 இல் பொருள் பெற்றபின் பணம் தரும் முறையைக் கொணர்ந்தது. வி.பி.பி. வேறு பெயரில் மீண்டது எனலாம். 2014 அக்டோபர் 6 அன்று தீபாவளியை முன்னிட்டு அந்நிறுவனம் நடத்திய ஒருநாள் விற்பனையில் தளமே முடங்கியது. நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவித்தனர். அதன்பின் ஆண்டுதோறும் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் இந்திய இணையவழி வணிகத்தின் உச்சப்பருவமாக நிலைத்தன.

கொங்கு வட்டாரத்தில் இதன் பொருள் இரட்டிப்பானது. திருப்பூர், ஈரோடு, கரூர் நகரங்களின் சிறு உற்பத்தியாளர் பலர், ஏற்றுமதிக்கும் மொத்த வணிகத்துக்கும் வெளியே, இணையச் சந்தைத் தளங்கள் வழியாக நேரடியாக விற்கத் தொடங்கினர். 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின் 6 ஆம் விதி இவர்களைப் பற்றியது. குறிப்பிட்ட கால அட்டவணையைக் கடந்து வழங்கப்பட்ட பொருளைத் திரும்பப் பெறவோ, பெற்ற விலையைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கலாகாது. தவிர்க்க இயலாப் பேரிடர் மட்டுமே விலக்கு. இந்திய நுகர்வோர் ஒருவர் தாமதத்தை மட்டுமே காரணமாகக் காட்டி முழு விலையையும் கேட்கும் உரிமை இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டது வரவேற்கத்தக்கது. 1890 இன் இரயில்வே சட்டத்தோடு ஒப்பிட்டால் இது நெடுந்தொலைவு.

அந்த உரிமைக்கு மறுபுறம் யார் நிற்கிறார் என்பதையும் காண வேண்டும். விதி விற்பவரைக் கட்டுகிறது. தாமதத்தை உண்டாக்கியவர் பெரும்பாலும் விற்பவர் அல்லர். இடையில் சுமந்து சென்ற நிறுவனம். அந்நிறுவனத்துக்கும் விற்பவருக்கும் இடையிலான உறவை ஆள்வது 1865 இன் கேரியர்ஸ் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2007 ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனங்களையும் அது தன் வரையறைக்குள் கொள்கிறது, அரசை விலக்குகிறது. அதன் 10 ஆம் பிரிவின்படி, அனுப்புபவரும் சுமப்பவரும் ஒப்புக்கொண்டு அனுப்புகைக் குறிப்பில் எழுதிய கால அளவுக்குள் நேரும் தாமதத்துக்கான பொறுப்பு, அதனால் விளையும் இழப்பையும் சேர்த்து, வாடகைத் தொகை அளவே. அந்தக் கால அளவைக் கடந்தால் விதிகள் வகுத்த வரம்பு பொருந்தும். தளம் அச்சிட்டுத் தரும் ஒட்டுத்தாளைப் பொதியில் ஒட்டி அனுப்பும் சிறு விற்பனையாளர், அப்படியொரு காலவரையைப் பேசி எழுதிக்கொள்ளும் நிலையில் இல்லை. தாமதித்தால் வாங்கியவருக்கு அவர் தர வேண்டியது முழு விலை; சுமந்தவரிடம் அவர் கேட்கக்கூடியது கூலியின் அளவு அல்லது விதிகள் வகுத்த வரம்பு மட்டுமே. இவ்விரு சட்டங்களுக்கும் இடையேயுள்ள தொகையே இன்றைய பண்டிகைக்காலத் தாமதத்தின் விலை.

பொதியைக் கடைசித் தெருவில் கொண்டுசேர்ப்பவரின் நிலையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பொதிக் கணக்கில் கூலி பெறுபவருக்கு, பூட்டிய வீட்டின் முன் காத்திருந்த நேரத்துக்கு டெமரேஜ் இல்லை. தமிழக அரசு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென 2023 இல் நல வாரியம் அமைத்தது. காத்திருப்பு நேரம் வேலைநேரமா என்ற கேள்வி அதன் எல்லைக்குள் இன்னும் வந்துசேரவில்லை.

முன்பணம் செலுத்தாமல் கேட்கப்பட்ட பொதிகளுக்கு 6 ஆம் விதியும் தேவைப்படுவதில்லை. தீபாவளி கழிந்து வந்ததை வாங்கியவர் கையசைத்து மறுத்தால் போதும். வணிகர் வழக்கில் இதற்கு 'ஆர்.டி.ஓ.' என்று பெயர். அனுப்பிய இடத்துக்கே திரும்புதல். வி.பி.பி. பொதி திரும்பிய அதே வழி. ஐப்பசியில் திருப்பூரை விட்ட சட்டை கார்த்திகையில் திருப்பூருக்கே வந்துசேரும்; உறை கிழிந்திருந்தால் மீண்டும் மடித்து, அயர்ன் செய்து, புதிய உறையிட வேண்டும். விற்பவரின் கணக்கேட்டில் அது திரும்பிவந்த சரக்கு என்ற தலைப்பில் பதிவாகிறது. தாமதம் என்றொரு தலைப்பு அவ்வேட்டில் இல்லை.